நாடி இல்லாத பெரிய டாக்டர்

பெரிய டாக்டரின் நாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நின்றுபோனது. அவர் சாகவில்லை. கையில் இருந்த தேநீரைக் குடித்து முடித்து, சர்க்கரை குறைவு என்று கடிந்துகொண்டு, அதன் பிறகுதான் பழக்க தோஷத்தில் தன் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பூஜ்யம். ஈசிஜி எடுத்தார்கள், ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரே கோடு. மூன்று மெஷின் மாற்றினார்கள். மூன்றாவது, அந்த வாரம்தான் பெட்டியிலிருந்து பிரித்தது. செய்தி ஊரைச் சுற்றி நூலக்காவிடம் வந்தபோது அவள் ஒரு மனுவைத் தைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மணிக்காம்?" என்று மட்டும் கேட்டாள். பத்து பத்து என்றார்கள். அவள் ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

அந்த நேரம் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக மனப்பாடம். அப்போது அவள் சட்டைக்குக் காஜா எடுக்கும் தையற்காரி. கர்ப்பம் கலைந்து ரத்தம் நிற்காத தங்கையை அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தாள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிழைப்பது சந்தேகம் என்று பார்வைக்குப் பட்டால், ரெஜிஸ்டரில் முதல் வேலையாக 'வரும்போதே உயிர் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உள்ளே வைத்துச் செத்தால் விசாரணை, விளக்கம், கெட்ட பெயர். வாசலுக்கு வெளியே செத்திருந்தால் ஒருவருக்கும் தலைவலி இல்லை. ஆள் பிழைத்துவிட்டால் வரியை அடித்துவிட்டால் போயிற்று. இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் அன்று டியூட்டியில் இருந்த இளம் டாக்டர். தங்கையின் பெயருக்கு எதிரே பத்து பத்து என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு அவர் கேன்டீனுக்குப் போனார். பத்து இருபத்தைந்துக்குத் தங்கைக்கு அறுபத்தொன்றாம் எண் டோக்கன் கொடுத்து, கைநாட்டும் வாங்கினார்கள். அந்தக் கைநாட்டை வைத்த பிறகு அவள், "அக்கா, தண்ணி" என்றாள். வார்டுக் குழாயில் சொட்டு வரவில்லை. அக்கா தெருமுனைக் கடைக்கு ஓடி பாட்டிலோடு திரும்பியபோது பெஞ்சில் தலை சாய்ந்திருந்தது.

டோக்கனைக் காட்டிச் சண்டை போட்டாள். செத்துப் பதினைந்து நிமிடம் ஆனவள் எப்படிக் கைநாட்டு வைப்பாள் என்று கேட்டாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுதாம்மா நடந்தது."

மறு வாரம் அவள் முதல் மனுவை எழுதினாள். அலுவலகத்தில் நடுப் பக்கம் காணாமல் போனது. இரண்டாவது மனுவில் கடைசிப் பக்கம். மூன்றாவதை அவள் தையல் மெஷினில் கொடுத்து, சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுபோனாள். ஒரு தாளை உருவினால் மொத்தமும் கிழியும். கிழிந்தால் யார் கிழித்தது என்று கேட்பாள். அன்றிலிருந்து அவள் பெயர் நூலக்கா. சிவப்பு நூல் மேஜைக்கு வந்தாலே குமாஸ்தாக்கள் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி ரசீது கொடுத்தார்கள். காத்திருந்தவர்கள் சங்கம் உருவானது. முதலில் ஏழு பேர், பிறகு நாலாயிரம் பேர். வார்டுக்குக் குழாய் வந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது, டியூட்டி டாக்டர் யார் என்று வாசலில் பலகை வந்தது. நாடி பிடித்துப் பார்க்காமல் ரெஜிஸ்டரில் ஒரு வரியும் எழுதக் கூடாது, நாடி பார்த்தபின் அந்த முடிவை மாற்றியும் எழுதக் கூடாது என்று விதி வந்தது. புகார்களைக் கேட்க ஒரு கமிட்டி வந்தது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வரிசையைத் தாண்டக் கூடாது என்பதையும் அவளே போராடி வாங்கினாள். வெளிநாட்டு மேடைகளில் சால்வை போர்த்தி, கருணையின் வடிவம் என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கருணையாவது மண்ணாங்கட்டியாவது, அவளை ஓட்டியது பழி. அந்த ஒரு வரியை எழுதியவன் கையாலேயே அடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அது மட்டும் நடக்கவில்லை. விதிக்கு முந்தைய பழைய ரெஜிஸ்டரைத் திருத்த, கையெழுத்துப் போட்டவருக்கு மட்டுமே அதிகாரம். அவரோ பெரிய டாக்டராகி, ஆஸ்பத்திரிக்கே தலைவராகியிருந்தார்.

நாடி நின்ற ஒன்பதாம் நாள் பெரிய டாக்டருக்குப் பித்தப்பைக் கல் வலி வந்தது. தரையில் புரண்டு கத்தியவரை அவருடைய அவசரப் பிரிவுக்கே தூக்கிப் போனார்கள். பயிற்சி டாக்டரம்மா விதிப்படி முதலில் நாடி பிடித்தாள், இரண்டு கையிலும் பார்த்தாள், பிறகு 'வரும்போதே உயிர் இல்லை' என்று எழுதினாள்.

"நான் பேசிட்டு இருக்கேனேம்மா!"

"கேக்குது சார். ஆனா ரூல் அப்படி. மாத்தி எழுதினா நூலக்கா என்னைத் தைச்சுடுவாங்க."

செத்தவருக்கு மயக்க மருந்து கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகள் ரெஜிஸ்டர் நகலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தின. வேறு வழியில்லாமல் அவர் சங்கத்துக்கு வந்து, டோக்கன் வாங்கி, தன் முறை வரும்வரை நாலு மணி நேரம் நின்றார். நூலக்கா அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவள் எந்தப் பிரயத்தனமும் செய்யவில்லை.

"எனக்காக ஒரு மனு போடணும்மா. நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்கே தெரியுதே."

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுதானே நடந்தது?"

அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் தொங்கியது. அவள் ஒரு பட்டியலை எடுத்துப் போட்டாள். அவர் கையெழுத்தில், உயிரோடு வந்து செத்தவர்களாகப் பதிவானவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். "முதல்ல இவங்க. அப்புறம் நீங்க."

ரெக்கார்டு அறையில் ஆறு நாள் உட்கார்ந்தார். வலி வரும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், விட்டதும் எழுதினார். நூலக்கா எதிரே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தாள். ஒவ்வொரு வரியையும் அடித்து, பக்கத்தில் 'உயிரோடு வந்தார், காத்திருந்து இறந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கையின் ரெஜிஸ்டரை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது டாக்டரின் உதடு வறண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"வெளியே குழாய் இருக்கு. நாங்க போட்டதுதான். இதை எழுதிட்டுப் போய் வரிசையில நில்லுங்க."

எழுதினார். அவள் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று முறை படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, அங்கேயே, அவர் எதிரிலேயே வாய்விட்டு அழுதாள். டாக்டர் அவசரமாகத் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இந்தக் கை, அந்தக் கை, கழுத்து.

"எல்லாத்தையும் எழுதிட்டேனே. இன்னும் வரலையே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரும்னு நான் சொன்னேனா?"

வாக்குத் தவறாமல் அவருடைய மனுவைத் தைத்தாள், அதே சிவப்பு நூல், அதே இரட்டைத் தையல். எண் நூற்று நாற்பத்து நான்கு. திருத்திய வரிகளை வைத்து அவருக்கு முன்னால் மனுப் போட்ட நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களையும் கமிட்டி மாதத்துக்கு ஒன்றாக விசாரித்து வருகிறது. அவர் அவசர விசாரணை கேட்டுப் பார்த்தார். ஏற்கெனவே இறந்தவருக்கு இனி உயிருக்கு ஆபத்து இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. அதுவும் உண்மைதான், கல் வலி வருகிறது, போகிறது, ஆள் சாகவில்லை.

இப்போது முப்பத்தெட்டாவது மனு நடக்கிறது. பெரிய டாக்டர் தினமும் காலையில் வந்து டோக்கன் வாங்கி அவசரப் பிரிவு பெஞ்சில் உட்காருகிறார். புதிதாகச் சேரும் நர்ஸுகள் அவர் கையைப் பிடித்துத்தான் பழகுகிறார்கள். துடிப்பு தெரிகிறது என்று சொல்பவர்களை மறுபடி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து மணி வாக்கில் நூலக்கா ஃபைல்களோடு அந்த வழியாக வருவாள். பெஞ்சில் கூட்டம் அதிகமாக இருந்தால், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க டாக்டர், உயிரோட இருக்கறவங்க நிக்கறாங்க" என்பாள். அவர் தள்ளி உட்காருவார்.