பதினாலாயிரம் கிலோமீற்றர்

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாதம் இருநூற்றித் தொண்ணூறு டொலர். வீட்டு வாடகையும் மருந்தும் போக என் பென்சனில் அதற்கு இடமில்லை. எழுபத்தைந்து வயதுக்காரி ஓடுகிற பழைய காருக்கு இந்த விலையா என்று கடிதத்தைத் திட்டினேன். கடிதம் திருப்பிப் பேசவில்லை. மல்வேர்னில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் என் வீட்டில் எதுவுமே திருப்பிப் பேசுவதில்லை.

அரை மணித்தியால ஓட்டத்தில் விட்பியில் இருக்கும் மகன் மரியோவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"காரை வித்துப்போடுங்கோ அம்மா. வாசலிலயே பஸ் நிக்குதுதானே."

விற்கலாம்தான். ஆனால் கார் இல்லாவிட்டால், அம்மா எப்படித் தனியே வருவா என்று என்னைக் கூப்பிடாமல் விட அவனுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். கொஞ்ச நாளில் நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான் காரை விட மனம் வரவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் மாதம் இருநூறுக்குள் வராவிட்டால் விட்டேயாக வேண்டும்.

நிரோஷினியிடம் போனேன். எங்கள் மாதா கோயில் பங்குப் பிள்ளை, இன்சூரன்ஸ் செய்து கொடுக்கிறவள். இங்கே எங்கள் சனத்துக்கு வீடு வாங்க ஒருவர், வரிக்கு ஒருவர், இன்சூரன்ஸுக்கு ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஓர் 'எங்கட ஆள்' இருப்பார். அவருடைய படம் தமிழ்ப் பத்திரிகையில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். வசதிதான். ஒரேயொரு வில்லங்கம், எங்கட ஆளிடம் உண்மை சொல்ல முடியாது.

போன வருடம் அவள், "வருசத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுவியள் அன்ரி?" என்று கேட்டபோது, அவளுடைய தாய் றீற்றா மூலையில் கதிரை போட்டு இருந்தாள். றீற்றாவின் காதில் விழுந்தது அடுத்த ஞாயிறு பூசைக்குள் கோயில் முழுக்கப் பரவிவிடும். தன் மகன் கிளிபோட் தன்னை எங்கெங்கே எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறான் என்று அரை மணித்தியாலம் அளந்துவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தாள். நான் விடுவேனா? சனிக்கிழமை தவறாமல் விட்பிக்கு மகன் வீட்டுக்குப் போவேன் என்றேன். புதன்கிழமை பேத்தி ஸ்டெபனியை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்குவேன் என்றேன். மொன்றியலில் தங்கச்சியிடம் வருடம் நாலு தரம் என்றேன். நிரோஷினி எல்லாவற்றையும் கூட்டிப் பதினாலாயிரம் என்று பதிந்தாள். றீற்றா வாயை மூடினாள். அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

இந்த முறையும் அதே கதிரையில் அதே றீற்றா. சுவரில் வேளாங்கண்ணி மாதாவும் பிள்ளையாரும் வாடிக்கையாளரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றார்கள். நிரோஷினி கம்பியூட்டரில் நெடுநேரம் தட்டினாள்.

"குறைய ஓடுற ஆக்களுக்கு ஒரு மலிவான பொலிசி இருக்கு அன்ரி. ஆனா வருசத்துக்கு ஐயாயிரத்துக்குள்ள ஓடவேணும். நீங்கள் பதினாலாயிரம் எல்லோ. சரிவராது."

"பேர்ணடெற்றுக்கு ஐயாயிரம் எங்க காணும்?" என்றாள் றீற்றா என்னைக் காட்டி. "மகன் இவவை விடமாட்டானே."

"ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்," என்றேன்.

நிரோஷினி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பினாள்.

"கார் மீற்றரைப் படம் எடுக்கவேணும். கீழ போவம் வாங்கோ அன்ரி. அம்மா, நீங்கள் இங்கயே இருந்து போன் வந்தா எடுங்கோ."

அவள் காரில் என் பக்கத்து இருக்கையில் ஏறினாள். நான் திறப்பைத் திருப்பியதும் சீற்பெல்ற் போடச் சொல்லி மணி அடித்தது. என் மனுசன் எட்வேட் செத்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மணி அடித்ததேயில்லை. கடைச் சாமான்களைக்கூட நான் பின்னுக்குத்தான் வைப்பேன். மணியை நிறுத்த அவள் பெல்ற்றை இழுத்துப் போட்டாள். எங்கேயோ ஒன்றாகப் பயணம் போகிறவர்கள் போலப் பார்க்கிங்கில் இருந்தோம்.

மீற்றரைப் படமெடுத்து, போன வருடப் படத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு வருடத்தில் தொளாயிரத்துப் பத்துக் கிலோமீற்றர்.

"சனிக்கிழமை விட்பி?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"அதை வெட்டு பிள்ளை."

"ஒரு நாளுமே போகேல்லையோ?"

"நத்தாருக்குப் போனனான். அதுக்கும் மரியோதான் வந்து ஏத்தினவன்."

"ஸ்டெபனியின்ர சுவிமிங்?"

"அவளுக்குப் பதினேழு வயது. தானே கார் ஓடுறாள்."

"மொன்றியல்?"

"ஹைவேயில ஏற எனக்குப் பயம். மூண்டு வருசமாப் போகேல்லை."

அந்தத் தொளாயிரத்துப் பத்துக்குக் கோயிலும் மருந்துக்கடையும் தமிழ்க் கடையும்தான் மிஞ்சின. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து அதை அடக்கினேன்.

"மாசம் நூற்றி எழுபது," என்றாள் போனைப் பார்த்து. "ஐயாயிரத்தைத் தாண்டினாச் சொல்லுங்கோ அன்ரி, என்ன?" எல்லாரிடமும் வழக்கமாகச் சொல்லும் வசனம் அவள் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவள் தலையைக் குனிந்தாள். பெல்ற்றைக் கழற்றும்போது, "அம்மாட்டச் சொல்லமாட்டன்," என்றாள்.

மேலே போனதும் றீற்றா விலையைக் கேட்டாள். வயதுபோன ஆக்களுக்கு விலையில் ஒரு கழிவு கிடைத்தது என்று நிரோஷினி சமாளித்தாள்.

"குடுத்துவைச்சனி," என்றாள் றீற்றா.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மரியோவுக்குப் போன் எடுத்தேன்.

"மாசம் நூற்றி எழுபதுக்கு வந்திட்டுது. ஐயாயிரம் கிலோமீற்றருக்குள்ள ஓடவேணுமாம்."

"சூப்பர் அம்மா! ஐயாயிரம் உங்களுக்கு நல்லாக் காணும். நீங்கள் எங்க போறீங்கள்?"

அவன் குத்திக் கதைக்கவில்லை. உண்மையாகவே எனக்காகச் சந்தோசப்பட்டான். மீற்றிங் ஒன்று இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விட்பிக்குப் போய்வர எழுபது கிலோமீற்றர். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. அதோடு கோயில், மருந்துக்கடை, தமிழ்க் கடைக்கு ஓடிய அந்தத் தொளாயிரத்துப் பத்து. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூற்றி ஐம்பது. கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று திரும்பவும் கூட்டினேன். அதேதான் வந்தது.

அந்த மலிவான பொலிசிக்காக ஒரு சனிக்கிழமையைக்கூட நான் வெட்டியிருக்கத் தேவையில்லை. என்னைக் கூப்பிட ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.