மான்மேல் போட்ட பழி

வெர்னாவின் புளூபெர்ரிச் செடிகளை நாசம் செய்தது எல்வின்தான். பழி மட்டும் ஒரு மானின் தலையில் விழுந்தது.

குளிர்காலம் வந்தால் வெர்னா மெய்ன் மாநிலத்துப் பனிக்குப் பயந்து, புளோரிடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு எல்வினிடம் இருக்கும். மார்ச்சில் போன் செய்து, "துளிர் விடறதுக்கு முன்னாடி செடியைக் கொஞ்சம் கழிச்சு விட்டுரு. கிழட்டுக் கிளையை மட்டும் அடியோட வெட்டு, போதும்" என்றாள். போதும் என்ற சொல் எல்வின் காதில் என்றைக்கு ஏறியிருக்கிறது? வேலிச்செடி கத்தரிக்கும் மெஷினோடு போய், பரட்டையாக நின்ற அத்தனையையும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முடி வெட்டுவதுபோல ஒரே மட்டமாகச் சீவித் தள்ளினான்.

பனிமேல் கிடந்த நுனிகளை வாரும்போதுதான் கவனித்தான். எல்லாவற்றிலும் உருண்டை உருண்டையாகப் பூமொட்டு. புளூபெர்ரி நுனியில்தான் காய்க்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வரப்போகும் கோடைக்கான பழம் மொத்தமும் அவன் கைவண்டியில் கிடந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டான்.

ஏப்ரலில் வெர்னா திரும்பி வந்தாள். அவன் தொண்டையைச் செருமுவதற்குள், "எதிர்வீட்டு ரோலண்டோட மான் வேலைதானே இது?" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்று வாய் முந்திக்கொண்டது.

"உன்னைவிட ஒழுங்கா மட்டம் பார்த்து மேஞ்சிருக்கு, பாரேன்."

அவன் சிரித்தும் வைத்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

வெர்னா நேரே போய் ரோலண்டைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். மனைவி போனபிறகு அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை, காட்டிலிருந்து பின்வாசலுக்கு ஆப்பிள் தின்ன வரும் நொண்டிப் பெண்மான் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி குடிக்கும்போது வெர்னா எல்லார் முன்னாலும், "பக்கத்து வீட்டுக்காரன்னா எல்வின் மாதிரி இருக்கணும்" என்றாள். ரோலண்ட் குடிக்காத கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். எல்வினுக்குக் கையிலிருந்த கேக் இறங்கவில்லை. செய்த தப்பைவிட வாங்கிய பாராட்டுதான் அவனைத் தின்றது.

அன்றைக்கே ரோலண்ட் வீட்டுக்குப் போனான். அவர் தன் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும் ஒரே புளூபெர்ரிச் செடியை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்னாவுக்கு. இந்த வருஷம் அவ பழமில்லாம இருக்கக் கூடாது பாரு. அந்தப் பக்கம் பிடிப்பா, மண்ணு உதிராம."

எல்வின் பிடிக்கவில்லை. "உங்க மான் மேயல, ரோலண்ட். நான்தான் மெஷின் வச்சு வெட்டினேன். அவ மான்னு சொன்னா, நான் ஆமான்னுட்டேன். அவகிட்டயும் இப்பவே போய்ச் சொல்லப்போறேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ரோலண்ட் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காட்டுப் பக்கமே பார்த்தார்.

"வெர்னா திட்டின அன்னிக்கும் அது வந்துச்சு. கையில ஆப்பிள் இருக்கும்னு கிட்ட வந்துச்சு. விறகுக்கட்டையை எடுத்து எறிஞ்சேன், நொண்டிக் காலுலயே பட்டுச்சு. அப்புறம் வரல."

எல்வினும் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வெர்னாகிட்ட நீ சொல்லிருவே" என்றார் ரோலண்ட். "அதுகிட்ட யாருப்பா சொல்றது?"