செல்லக்கனி பார்த்த கிணறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிள்ளையின் ஒரே வரியாகத்தான் என்னிடம் வந்தது: "தண்ணீருக்கு நிறமில்லை என்றீர்கள் டீச்சர், எங்கள் கிணற்றில் இருக்கிறது." மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

1934, ஸ்ரீவில்லிபுத்தூர். மழை கொட்டிக்கொண்டிருந்த

(இல்லை, கோடை. இந்த வரியை விட்டுவிடுங்கள்.)

2

'நீர்' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பே புத்தகத்தைப் பார்த்து எழுதியது. விஞ்ஞானம் நடத்திய ஏசம்மாளுக்குச் சலித்துவிட்டது.

"புஸ்தகத்த மூடுங்கட்டி. ஒங்க ஊருக் கெணத்த ஒரு வாரம் பாருங்க. நெறம், மணம், ருசி. கண்டத மட்டும் எழுதுங்க."

பிள்ளைகள் தவளை, பாசி, விழுந்த வாளி என்று எழுதித் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை காலை, மம்சாபுரத்திலிருந்து கீரை விற்க வரும் செல்லத்தாய் பள்ளி வாசலில் நின்றாள்.

"எங்கண்ணன் மக செல்லக்கனிக்குச் சொகமில்ல டீச்சர். நோட்ட மட்டும் குடுத்திரச் சொல்லி அழுதா."

3

ஏசம்மாள் சிவப்புப் பென்சிலோடு வாசித்தாள்.

"திங்கள்: பெரியப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. துணியைக் கிணற்றடியில் அலசினார்கள். அந்தத் தண்ணீர் உள்ளே ஓடியது. புதன்: பெரியப்பா இறந்தார். தண்ணீருக்கு நிறமில்லை என்றீர்கள் டீச்சர். எங்கள் கிணற்றில் இருக்கிறது. வியாழன்: இன்னும் மூன்று பேர். வெயிலால் என்று கிராம முன்சீப் இறப்புக் கணக்கில் எழுதிக்கொண்டார்."

ஓரிடத்தில் றகரம் பிசகியிருந்தது; திருத்தினாள். ஓரத்தில் 'நன்று' என்றும் போட்டாள். பிறகுதான் கடைசி வரி:

"வெள்ளி: தினமும் ருசி பார்த்தேன். இன்று எனக்கும் போகிறது. நாளை எழுத முடியாது. மன்னிக்கவும்."

கை 'நன்று' என்பதை அழிக்கப் பார்த்தது. அது அழியவில்லை, சிவப்பாய்ப் பரவியது.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். பொய்யாகப் பட்டது. அவள் எழுந்து, வாசலில் நின்ற செல்லத்தாயிடம் போனாள்.)

4

"செல்லத்தாய், இது காலரா! நீ அந்தத் தண்ணியவா குடிச்ச?"

"அம்புட்டுப் பேரும் அதத்தான குடிக்கோம்?"

அவள் கூடையில், வாடாமலிருக்கத் தெளித்த கிணற்றுத் தண்ணீர் கீரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கூடையை அங்கேயே கொட்டி எரிக்கச் சொல்லிவிட்டு, ஏசம்மாள் நோட்டோடு சுகாதார இன்ஸ்பெக்டரிடம் ஓடினாள்.

"முன்சீப் வெயில்னுல்லம்மா எழுதியிருக்காரு? சின்னப்பிள்ள எழுதுனத நம்பியா?"

"அவரு பாக்காம எழுதியிருக்காரு. இந்தப் பிள்ள பாத்து எழுதியிருக்கு."

அவர் வாசித்தார். மத்தியானத்துக்குள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் விழுந்தது. தெருவே ஊசிக்கு வரிசையில் நின்றது.

5

ஏசம்மாள் செல்லக்கனி வீட்டு வாசலில் நிற்கிறாள். 'ருசி' என்று ஏன் சொன்னோம்?

இரண்டு முடிவுகள் எழுதினேன். பிள்ளை பிழைத்தால் எனக்கு ஆறுதல். இறந்தால் கதைக்குக் கனம். இந்த இரண்டுக்காகவும் நான் அவளைத் தொடமாட்டேன்.

உள்ளே யாரோ, "தண்ணி" என்று கேட்கிறார்கள். பிள்ளையா, அவள் தாயா? ஏசம்மாளுக்கு முன்னால் நீங்கள் உள்ளே போங்கள்.