பச்சை பாட்டில் படையல்

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வராந்தாவில் நின்றோம். படையல் போட்டுச் சூடம் காட்டியதும் அப்படித்தான் செய்வோம். போனவர் வந்து சாப்பிட்டு முடிக்கிறவரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அன்று என் மனைவி அனுசுயாவுக்குத் தலைத் திவசம். டெங்குக் காய்ச்சல், ஆறே நாள். ஐந்து நிமிடம் போதும் என்று மதினி சொல்லியிருந்ததால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சை ஹாலில் நின்று பழகியவன். அனுசுயாவுக்கு ஐந்து நிமிடம் எப்படிப் போதும்? ஒரு இட்லியை அரை மணி நேரம் தின்கிறவள்.

மதினி என்பது காளீஸ்வரி, அனுசுயாவின் அக்கா. கல்லலிலிருந்து முதல் நாளே வந்து என் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். கறிக்குழம்பு, அவித்த முட்டை, கவுனி அரிசி என்று தங்கைக்குப் பிடித்த எல்லாவற்றையும் அவரே செய்தார். அவர் கணவர் முத்துக்கண்ணன் அண்ணனிடம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்: கடைக்குப் போய்க் கலர் வாங்கி வருவது. அனுசுயாவுக்கு எலுமிச்சைக் கலர் என்றால் உயிர். பச்சை பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால்தான் அவளுக்குக் குடித்த மாதிரி இருக்கும்.

வராந்தாவில் ஒரு பையும் தயாராக இருந்தது. மூன்று வயது வல்லியின் துணிமணிகள். என் மகளை அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் கல்லலுக்குக் கூட்டிப்போய்த் தானே வளர்ப்பதென்று மதினி முடிவு செய்திருந்தார். ஆம்பளை ஒத்தையில் ஒரு பொம்பளைப் பிள்ளையை எப்படி வளர்ப்பான் என்பது அவர் கேள்வி. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வருடமாக எதற்குமே அப்படித்தான் இருந்தேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவர் பையைக் கட்டிவிட்டார்.

ஐந்து நிமிடம் ஆனதும் கதவை மூன்று முறை தட்டித் திறந்தார். இலை வைத்தபடியே இருந்தது. பாட்டிலில் மட்டும் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

“பாத்தீகளா. வந்துட்டா. குடிச்சிட்டுப் போயிருக்கா எந்தங்கச்சி.”

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். முத்துக்கண்ணன் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வேதியியல் வாத்தியார். ஐந்து நிமிடத்தில் இவ்வளவு ஆவியாகாது என்பதுவரை மனம் கணக்குப் போட்டது, அதற்கு மேல் ஓடவில்லை. வந்தவள் என்னைப் பார்க்காமல் போய்விட்டாளே என்றுதான் இருந்தது.

அப்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஏப்பம் கேட்டது. வல்லி வெளியே வந்தாள். வாயைத் திறந்தாள். உதட்டில் ஒரு குமிழி கிளம்பி, எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகி, உடைந்தது.

பாட்டிலை எடுத்து மோந்தேன். சோப்பு ஆயில். பாத்திரம் கழுவுவதற்கு, கேன் கட்டிய வண்டியில் தெருவில் விற்று வருகிறவரிடம் வாங்கியது. நாம் நீட்டுகிற பாட்டிலில் அவர் ஊற்றித் தருவார். நான் நீட்டியது காலிக் கலர் பாட்டில். அதைச் சமையலறை ஜன்னலில் வைத்ததும் நான்தான். ஸ்ட்ரா போட்டது நானில்லை.

அடுத்த நிமிடமே வீடு நிறைய வைத்தியர்கள். எதிர் வீட்டில் புளித்தண்ணீர் கரைக்கச் சொன்னார்கள். முத்துக்கண்ணன் அண்ணன் பச்சை முட்டைக்கு ஓடினார். மதினி உப்புத் தண்ணீரோடு வந்து, பிள்ளையின் வாய்க்குள் விரலை விடப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“வாந்தி எடுக்க வைக்கக் கூடாது மதினி. நுரை மூச்சுக்குழல்ல ஏறிரும். தள்ளிக்கங்க.”

அந்த வருடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் தள்ளிக்கொண்டார். வல்லியின் வாயைத் துடைத்து, அவளையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். மதினி என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கு அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழி நெடுக வல்லி குமிழி விட்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பெரிதாக ஒன்று வந்தபோது கைதட்டினாள். நான் அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். கைதட்டலில் கணக்குத் தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் என் வயதுப் பெண். பாட்டிலை மோந்து பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், விரலில் கிளிப் மாட்டினார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் நெஞ்சில் ஏறியிருந்தால் போகப்போகத்தான் தெரியும், ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கெமிஸ்ட்ரி டீச்சர் என்றேன். அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். ஏதாவது திட்டியிருக்கலாம். பெயர் எழுதாத பாட்டிலைத் தொடாதே என்று என் கையெழுத்திலேயே எங்கள் பள்ளி ஆய்வகச் சுவரில் எழுதியிருக்கிறது.

விஷம் குடித்த கேஸ் என்பதால் எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்தார். பாண்டியராஜன் என்று சட்டையில் இருந்தது. வல்லியிடம் குனிந்தார்.

“யாரு பாப்பா குடுத்தா?”

“அம்மா.”

அவர் எழுதிக்கொண்டே, “அம்மாவ வரச் சொல்லுங்க சார்” என்றார்.

“தவறிட்டாக” என்றேன்.

“எப்ப?”

“போன வருசம். இதே தேதி.”

பேனா நின்றது. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, பாட்டிலைப் படையலில் வைத்தது யார் என்று பொதுவாகக் கேட்டார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த முத்துக்கண்ணன் அண்ணன் எழுந்து நின்றார். கலர் வாங்க மறந்துபோய்விட்டதாம். ஜன்னலில் பச்சையாக ஒன்று நிற்கவும், இருக்கிறதுதானே என்று மூடியைத் திறந்து ஸ்ட்ராவைப் போட்டுவிட்டாராம்.

மதினி அவரை மேலும் கீழும் பார்த்தார். “எந்தங்கச்சிக்கு சோப்பு ஆயிலப் படைச்சிருக்கீக.”

“நீதானடி குடிச்சிட்டுப் போயிருக்கான்னு அழுத.”

போலீஸ்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, கதவைச் சாத்துமுன் பிள்ளை எங்கே என்று யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். சாத்தியது மதினி.

அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்க அவர் பையைத்தான் திறந்துகொண்டிருந்தார். கவுன் நனைந்தபோது வேறு கவுன் எடுத்தார். பிறகு துண்டு, பிறகு போர்வை, தம்ளர், ஒற்றைக் காது கரடி. கல்லலுக்கென்று கட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டிலில் ஏறியது. முத்துக்கண்ணன் அண்ணன் வெளியே போய், கல்லல் வீட்டிலிருந்த தன் மகனுக்குப் போன் போட்டார். அவர் ரகசியம் பேசினாலும் நாலு கட்டிலுக்குக் கேட்கும்.

“அடுப்படி மாடத்துல பச்ச பாட்டில் நிக்கும் பாரு. எடுத்து மோட்டார் ரூம்ல வச்சுப் பூட்டு. ஆமா, நெல்லுக்கு அடிக்க வாங்குன மருந்துதான்.”

மதினிக்கும் கேட்டது. அவர் கரடியின் இல்லாத காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா கொடுத்தாள் என்று ஏன் சொன்னாய் என்று வல்லியிடம் கேட்டேன். படையலில் இருந்த அம்மா போட்டோவுக்கு முதலில் ஸ்ட்ராவை நீட்டினாளாம். அம்மா குடிக்கவில்லையாம், நீயே குடி என்றதாம். “நல்லாவே இல்லப்பா” என்று முகத்தைச் சுளித்தாள்.

டாக்டர் கடைசியாக வந்து பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றபோது ஐந்தரை ஆகியிருந்தது. ஐந்து மணி பஸ் போயிருக்கும். நர்ஸிடம் ஒரு துண்டு பிளாஸ்திரி வாங்கிப் பாட்டிலில் ஒட்டி, சோப்பு ஆயில் என்று எழுதினேன். கையெழுத்து வாங்க வந்த போலீஸ்காரர் அதைப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு வாசிக்கத் தெரியுமா சார்?”

எழுதியதற்குக் கீழே ஒரு முகம் வரைந்தேன். கண்ணை மூடி நாக்கைத் துருத்துகிற முகம். எனக்கு வரைய வராது. வல்லி வெகுநேரம் பார்த்துவிட்டு, “பெரியம்மாவா?” என்றாள். மதினிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“மதினி, வல்லி எங்கிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

“இன்னைக்கா, எப்பவுமா?”

நான் வாயைத் திறக்குமுன் வல்லி அந்த முகத்தைப் போலவே கண்ணை மூடி நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கில் நுரை இல்லை. மதினி குனிந்து பார்த்தார். பிறகு காலிப் பையை ஒருமுறை உதறி, நாலாக மடித்து, அவள் தலைக்கு அடியில் வைத்தார்.