குதிகால் கோடு

சேற்றில் இழுபட்ட ஒரு கோடு, இரண்டு முழம் இருக்கும், கடைசிப் படியிலிருந்து கார் ஷெட்டின் தூண்வரை கோணாமல் போகிற அந்தக் கோட்டைத்தான் கமலவேணி இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முடிச்சூர் வீட்டின் மாடிப்படியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றபடி, கீழே சேறும் இல்லை கோடும் இல்லை, தரைக்கு எபாக்ஸி என்கிற பளபளப்புப் பூச்சு பூச வந்த அன்வர் பாய் மிஷினை ஓட்டித் தரையைச் சுரண்டுகிறார், சிமெண்டுத் தூள் பறக்கிறது, இத்தனை வருஷம் தேய்த்துக் கழுவியும் போகாத ஆயில் கறைகூடப் போய்விட்டது, பாழாய்ப்போன அந்தக் கோடு மட்டும் எந்த மிஷினுக்கும் அடங்காமல் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது, அவள் புருஷன் தணிகாசலத்தின் வலது குதிகால் போட்ட கோடு.

வெள்ளம் வந்தபோது ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர், மாடியில் ரொட்டியும் மெழுகுவத்தியுமாக, மகன் யுவராஜையும் சேர்த்து மூன்று பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, நாலாம் நாள் தண்ணீர் வடிந்து, தப்பிச்சோம்டி என்று அவர் சிரித்து, கீழ போய் வண்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துர்றேன் என்று லுங்கியை மடித்துக் கட்டுகிறார், பாத்துங்க, வழுக்கும் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது, வெளியே கிளம்புகிறவரிடம் ஆகாத சொல் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும் என்று வளர்ந்தவள், விழுங்கிவிட்டாள், ஐயோ, விழுங்கித் தொலைத்தாளே, வண்டியில் ஒழுகிய ஆயிலும் சேறும் கலந்து தரை வெண்ணெயாகிக் கிடந்தது, படியிலிருந்து இறங்கின கால் முன்னால் ஓடியது, பின்மண்டை படி விளிம்பில், ஒரு சத்தம், அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

யுவராஜ் அப்போது காலேஜ் பையன், இப்போது புதுக் கார் வாங்கியிருக்கிறான், ஐப்பசி பிறப்பதற்குள் தரையை முடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறான், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் இவள் ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுகிறாள், புயலை நினைத்து இல்லை, புயல் போன மறுநாளை நினைத்து, இவனும் முதல் வேலையாக வண்டியைப் பார்க்க இறங்குவான், அப்பாவைக் கொண்டவனாயிற்றே. தரையில் ஈரம் ஊறுகிறதா என்று பார்க்க அன்வர் பாய் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார், அதன் அடியில் வேர்த்திருந்தால் பூசக் கூடாதாம், வேர்க்கட்டும், இந்த வழவழப்பே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு ஆறு தடவை குனிந்து பார்த்தாள், கெட்ட நேரம், ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பூச்சும் அதை இறுக்குகிற மருந்துமாக ரெண்டு டப்பாவையும் கலந்து கடைசிப் பூச்சு ஊத்தும்போது அன்வர் பாய்தான் பேச்சை எடுத்தார், சார், ஈரமா கீறப்பவே மேல மணல் தூவி வுட்டா காலு நல்லா புடிக்கும், ஆனா பளபளப்பு போய்டும், இன்னா சொல்றீங்கோ. யுவராஜ் யோசிக்கவே இல்லை, மணல்லாம் வேணாம் பாய், குனிஞ்சா மூஞ்சி தெரியணும், சேறு வந்தாலும் ஒரே கழுவுல போய்டணும். அவர் படியை அண்ணாந்து பார்த்து, நீங்க இன்னாம்மா சொல்றீங்கோ என்கிறார், கமலவேணி வாயைத் திறக்கிறாள், வழுக்கும் என்று சொன்னால் பலித்துவிடுமே, எச்சிலோடு விழுங்குகிறாள், அவன் இஷ்டம் பாய் என்கிறாள், சீ, இதெல்லாம் ஒரு நாக்கா. நாளைக்கு காலீல வரிக்கும் யாரும் கால் வெக்காதீங்கோ, வண்டி ஒரு வாரம் கழிச்சி ஏத்தலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், சாம்பல் நிறத் தரை குளம்போல மின்னுகிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கும் கோலம் போடுகிறவள் அவள், மழை நாளில் வாசலில் போட்டால் கரைந்துவிடும் என்று ஷெட்டுக்குள், படிக்குக் கீழேயே போட்டுவிடுவாள், முப்பது வருஷப் பழக்கம், லேசாகத் தூறல் விழுந்ததும் கால் தானாக இறங்குகிறது, கடைசிப் படியில் குந்தி கல்மாவை, கோலத்துக்கு இடிக்கிற வெள்ளைக்கல் பொடியை, விரலில் எடுத்து முதல் புள்ளியை வைத்துவிட்டாள், அப்புறம்தான் சுரீரென்றது, அடிப் பாவி, பூசின தரையாச்சே. ஊதினாள், போகவில்லை, விரலால் தள்ளினாள், அசையவில்லை, பிசுபிசுத்த பூச்சு மாவைக் கவ்விக்கொண்டு விட்டது, அந்தப் புள்ளியைத் தடவினால் நறநறவென்று விரலைப் பிடிக்கிறது, பிடிக்கிறது, மறுபடி தடவிப் பார்த்தாள், பிடிக்கிறது, அதற்கப்புறம் அவள் கோலம் போடவில்லை, கோலமாவு டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி அள்ளித் தூவினாள், கை எட்டுகிறவரை தூவி, எட்டாத இடத்துக்கு வீசி, படியிலிருந்து தூண்வரை, அந்தக் கோடு கிடந்த தடம் முழுக்க, அதையும் தாண்டி, எல்லாம் வெள்ளை. யுவராஜ் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான், என்னம்மா பண்ணி வெச்சிருக்க, உனக்கு பைத்தியமா பிடிச்சிருக்கு, ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசாவிட்டால் போகிறான், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

கார்த்திகையில் புயல் வந்தது, ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, இரண்டாம் நாள் வடிந்து, தரை முழுக்கச் சேறு, யுவராஜ் பேண்ட்டை மடித்துக்கொண்டு, வண்டிய பாத்துட்டு வந்துர்றேன்மா என்கிறான், அதே படி, அதே வார்த்தை, அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாத்துடா, வழுக்கும், என்று வீடே அதிரக் கத்திவிட்டாள், சொல்லியே விட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான், வெறுங்காலைக் கீழே வைத்தான், எங்கம்மா வழுக்குது, அதான் சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஆக்கி வெச்சிருக்கியே, என்று சொல்லிக்கொண்டே நடந்தான், வண்டியைச் சுற்றி வந்தான், ஒண்ணும் ஆகலம்மா என்று படியேறி அவளைத் தாண்டி உள்ளே போனான். கமலவேணி கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள், சேற்றில் கோடு இல்லை, ஐந்து விரலும் குதிகாலும் முழுசாகப் பதிந்த காலடிகள், படியிலிருந்து வண்டிவரை போயிருந்தன, வண்டியிலிருந்து படிவரை திரும்பி வந்திருந்தன.