கிளாஸ் ஏழு, டிவிஷன் ரெண்டு

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு மார்க் போடுகிறவர் பெத்தணன். தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ‘கிளாஸ் 7, டிவிஷன் 2’ என்று இங்கிலீஷில் முத்து முத்தாக எழுதுவார். வெடிபொருள் சட்டத்தில் பட்டாசுக்கு வைத்திருக்கிற வகை அது. அந்த மார்க் இல்லாத பெட்டியை ரயில்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

அவர் மகள் ராமுத்தாய்க்கு மெடிக்கல் காலேஜில் சேர ஆசை. விண்ணப்பத்தை எழுதியவள், ‘கிளாஸ்’ என்ற கட்டத்தை மட்டும் விட்டுவைத்தாள். பிற்பட்ட வகுப்பு என்பதை அதில் எப்படி எழுதவேண்டும் என்று வாத்தியாரிடம் கேட்கப் போனாள். கடைசித் தேதி நெருங்குகிறதே என்று பெத்தணனுக்குப் பதற்றம். எட்டிப் பார்த்தால், அவர் அன்றாடம் எழுதுகிற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. மனுஷன் விடுவாரா? நிரப்பி, தாசில்தார் கொடுத்த வகுப்புச் சான்றிதழையும் உள்ளே வைத்துத் தபாலில் சேர்த்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வகுப்பைச் சரியாகக் குறிப்பிடாததால் ஒதுக்கீட்டில் இடமில்லை என்று பதில் வந்தது.

“கிளாஸ்ல என்னய்யா எளுதுனீக?” என்று ராமுத்தாய் கேட்டாள். சொன்னார். அதோடு சரி, அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், வாய் திறக்கமாட்டாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலாம் என்றிருந்தது பெத்தணனுக்கு.

விருதுநகர் வக்கீல் நல்லசிவம் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

விசாரணைக்கு அப்பாவும் மகளும் போயிருந்தார்கள். தப்பு விண்ணப்பித்தவர் மேல்தான் என்று அரசு வக்கீல் அடித்துப் பேசினார். நீதிபதி விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“வந்திருப்பது பெண்ணா, வாணமா?”

கோர்ட்டே சிரித்தது. பெத்தணனுக்குத் தலை நிமிரவில்லை.

“எழுதியவர் நீர்தானா? ஏன் இப்படி எழுதினீர்?”

பெத்தணன் கைகூப்பி எழுந்தார். “எசமான், எங்க ஊர்லருந்து எது வெளிய போனாலும் இத எளுதணும். எளுதாம விட்டா திருப்பி அனுப்பிருவாக. எம் மகளயும் திருப்பி அனுப்பிரக் கூடாதேன்னுதான் எளுதுனேன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சான்றிதழ் தெளிவாக இருக்கும்போது கட்டத்தில் விழுந்த பிழைக்காக ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்க முடியாது, அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் பெத்தணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

“மெதுவாப் போங்கய்யா. இத்தன நாளும் ஒங்ககிட்டப் பேசாம எனக்குத் தொண்டையே அடச்சுப் போச்சு. மொதல்ல ஒரு காப்பி வாங்கிக் குடுங்க.”