கறுப்புத் தண்ணீர்

யெஃபிமுக்கு வலது தோளில் ஆணி அறைந்தாற்போல் வலி. சுரங்கத்தில் நிலக்கரி வாரி வாரித் தேய்ந்த தோள். சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தவனுக்குப் பைப் ரெஞ்சோடு கை மேலே எழவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் இரும்புப் பைப் வளையும் இடத்தில், எல்போ மூட்டில் ஒழுகல். குளிர் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது மூட்டு. முந்தைய இரண்டுக்கும் கடைக்காரனைத்தான் திட்டினான். துருப்பிடித்த எல்போவை அவன் மேசைமேல் போட்டு, இது இரும்பா பிஸ்கோத்தா என்று கேட்டு, கடையில் நின்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தான்.

வெளியே, கோழிக்கூண்டுவரை போய்வருவதற்குள் மீசையில் பனி கட்டும் குளிர். யூரல் மலைப் பக்கத்துக் காற்று ஜன்னல் இடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. மகள் நாளைக்குப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிறாள். மூட்டைக் கழற்ற பாய்லர் நெருப்பை அணைத்து, பைப்புத் தண்ணீரை வடித்தாக வேண்டும். இருட்டுவதற்குள் திரும்ப நிரப்பி நெருப்பு மூட்டாவிட்டால், உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து ரேடியேட்டர்களைப் பிளந்துவிடும். அப்புறம் பச்சைப்பிள்ளையை எங்கே கிடத்துவது?

நெருப்பு அணைந்து, பைப் தொடுகிற சூட்டுக்கு வந்திருந்தது. அவன் மனைவி கிளாவா வாளியோடு பக்கத்தில் குந்தியிருந்தாள். அவன் ஒரு வார்த்தை பேசினால் பத்து பேசுகிறவள், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. மூட்டைத் தளர்த்தினான். தண்ணீர் வாளியில் விழுந்தது. லேசாகச் செம்மண் கலந்தாற்போல், மற்றபடி தெளிவாக.

அந்த ஊரில் வீட்டுக்கு பாய்லர் வைத்தவன் எவனும் பைப்புத் தண்ணீரை மாற்றமாட்டான். ஒருமுறை நிரப்பினால் நிரப்பியதுதான். வருஷக்கணக்காக உள்ளேயே சுற்றி, டிக்காஷன்போல் கறுத்து நாறும். அந்தச் செத்த தண்ணீர் இரும்பைத் தின்னாது. புதுத் தண்ணீர்தான் தின்னும். குடித்தால் யெஃபிம் தன் தண்ணீரைப் பற்றித்தான் பெருமை பேசுவான். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்துத் தண்ணீராம். முந்தைய இரண்டு தடவையும் வேலை முடிந்து வந்து, இருட்டில் வடித்ததை இருட்டிலேயே திரும்ப ஊற்றியிருந்தான்.

விரலை விட்டு முகர்ந்து பார்த்தான். பிறகு ரேடியேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் குழாயைப் பார்த்தான். அவன் தொடவே தொடாத குழாய். கைப்பிடியில் பெயிண்ட் தேய்ந்து பித்தளை பளபளத்தது.

"இந்தக் குழாய யாரு தொட்டது?"

"பூன."

"பூன பாத்திரமும் கழுவுதோ?"

கிளாவா வாளியைக் கீழே வைத்தாள். அவன் வேலைக்குப் போனதும் பாத்திரத்துக்கு அரை வாளி, துணிக்கு அரை வாளி என்று சூடான தண்ணீரை அதில் பிடித்துக்கொள்வாளாம். குறைந்ததை, ஏணி வைத்துப் பரணில் ஏறி, பைப்புகளுக்குத் தண்ணீர் இறங்கும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுவாளாம். இரும்பு கெடும் என்று அவன்தான் நூறுதடவை சொல்லியிருக்கிறானே என்றால், அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"நீ குடிச்சிட்டுச் சொன்னதுல பாதிக்கு மேல பொய்யி. இது மட்டும் நெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பச்சத் தண்ணியில கை வெடிச்சு ரத்தம் வருதுய்யா."

கத்தத்தான் வாயைத் திறந்தான். வாளி விளிம்பில் இருந்த அவள் விரல்களைப் பார்த்தான். கணுவுக்குக் கணு பிளந்து, பிளவில் கறுப்பு ஏறியிருந்தது.

"வாளியோடயா ஏணி ஏறுன?"

"பின்ன, தண்ணி தானா ஏறுமா?"

"விழுந்து தொலைஞ்சிருந்தா?"

"தொலைஞ்சிருந்தா உன் கறுப்புத் தண்ணி உனக்கு மிஞ்சிருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். தோள் சுரீர் என்றது.

புது எல்போ மாட்டும் பைப் முனைகளில் திருகு மரை முழுக்கச் சணல் நாரை இழை இழையாகச் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் தடவினான். முறுக்கும் நேரத்தில் தோள் ஒத்துழைக்கவில்லை. அவன் ரெஞ்சின் வாயைப் பிடித்துக்கொள்ள, கிளாவா கைப்பிடியை இடுப்பால் தள்ளினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். மாடு தள்ளினால்கூட இதற்குமேல் போகாது என்றாள். பரணுக்கு அவனே ஏறினான். அவள் கீழிருந்து ஒவ்வொரு வாளியாகத் தூக்கிக் கொடுத்தாள். வெளிச்சம் போகிற நேரத்துக்கு நெருப்பு பிடித்துக்கொண்டது. பைப்புகள் டக் டக்கென்று சூடேறின. மூட்டில் செய்தித்தாளைச் சுற்றி அழுத்திப் பார்த்தான். தாள் காய்ந்தே இருந்தது. கிளாவா அப்படியும் நம்பாமல் அடியில் ஒரு கிண்ணம் வைத்தாள்.

மாட்டு மடிக்குப் போடும் களிம்பை எடுத்து அவள் விரல்களில் தேய்த்துவிட்டான். நம்மை மாடாகவே ஆக்கிவிட்டான் என்று முணுமுணுத்தாள். மாடு இவ்வளவு பேசாது என்றான்.

சூப்பைக் கிண்ணத்தில் ஊற்ற அவள் எழுந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் இருந்த ஓட்டை அவன் கண்ணில் பட்டது. பாய்லர் வைத்த வாரமே அவன் துளைத்தது. மகளுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடைத்த காலுறை விறைத்துக் கறுத்துப்போயிருந்தது. உருவினான். ஓட்டைக்கு அந்தப் பக்கம், பாய்லர் கதவிடுக்கில் நெருப்பு சிவப்பாய்த் தெரிந்தது.

அந்த ஓட்டை வழியாகக் கிளாவாவுக்கு அவன் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டியது ஒரு வெந்நீர்க் குழாய்.